அத்தைக்குப் பந்தியில் பார்த்த மாப்பிள்ளைகள்

என் வயதுக்காரர்களே, நீங்கள் இப்போது காலையில் என்ன பசியாறுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஓட்ஸ் கஞ்சி. அதன் பின்னால் கலர் கலராக மாத்திரை. போன வாரம் குனோங் ராபாட்டில் நம் கூட்டாளி ஒருத்தியின் பேத்திக்குப் பிறந்தநாள் என்று கூடியிருந்தோமே, உளுந்து வடைத் தட்டு நம்மைச் சுற்றி வந்தபோது ஒருவராவது கை நீட்டினோமா? வடையில் ஓட்டையை மட்டும் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதாக ஒருவர் சொன்னார். சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் வடை அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

அப்போதுதான் உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார். "ஒங்கப்பா சோறு போட்டுத்தான் மாப்ள பாப்பாராமே, நெசமாலா?"

நிஜந்தான். ஆனால் நான் சொல்லத் தொடங்கும்போது பிரியாணி வந்துவிட்டது. பிரியாணிக்கு எதிரே கதை சொல்லி ஜெயித்தவர் யாருமில்லை. அதனால் எழுதி அனுப்புகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

செமோர் பக்கத்துத் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு நாங்கள் ஈப்போவின் சிலிபினுக்குக் குடிவந்த ஆண்டு அது. எனக்குப் பத்து வயதிருக்கும். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், கித்தா மரங்களைச் சாய்க்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அப்பா தாம் ஓட்டும் லோரியிலேயே வீட்டுச் சாமான்களை ஏற்றினார். அம்மாவின் அம்மிக்கல்லை ஏற்ற மட்டும் இடமில்லை என்றார். லயத்துக்குப் பின்னால் காய்த்திருந்த பலாப்பழத்துக்கு இடமிருந்தது, அதுவும் முன் சீட்டில். நான் பின்னால் பாய் மூட்டையின் மேல் உட்கார்ந்து வந்தேன். சிலிபினுக்கு வந்து அறுத்துப் பார்த்தால் பழம் சொத்தை. அம்மா அந்த அம்மியைக் கடைசிவரை மறக்கவில்லை. வீட்டுக்கு மிக்சி வந்து பல வருடம் ஆன பிறகும், குழம்பில் உப்புக் குறைந்தால்கூட "அம்மிய விட்டுட்டு வந்தா இப்படித்தான்" என்பார்.

அப்பா ஊர்களை ஊர்களாக நினைவில் வைத்துக்கொண்டதே இல்லை. பீடோர் என்றால் வாத்துக்கறி போட்ட மீ நூடுல்ஸ். மெங்கிளம்பு என்றால் கச்சான் கடலை. தம்புன் என்றால் பம்ளிமாஸ். மழையில் ஏதோ ஒரு பாலம் உடைந்து லோரி விடியவிடிய நின்றதை மறந்துவிடுவார். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சீனக்கிழவர் வைத்திருந்த கஞ்சிக் கடையை மறக்கமாட்டார். யார் சமைத்தாலும் அவருக்குச் சம்மதம். சமைத்தவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று பார்த்ததில்லை, கைப்பக்குவத்தை மட்டும் பார்ப்பார். நோன்பு மாதத்தில் சிலிபினில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவின் முன்னால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். சாயங்காலம் நாலு மணிக்கே கடைக்குப் போய், நோன்பு திறக்கும்வரை நானாவோடு சேர்ந்து வாடிய முகத்துடன் உட்கார்ந்திருப்பார். மதியம் வீட்டில் இரண்டு தட்டுச் சோறு தின்றுவிட்டுப் போன மனிதர். எல்லாம் அந்த நோன்புக் கஞ்சிக்காக.

இப்படிப்பட்டவருக்கு ஒரு தங்கை. என் அத்தை.

அத்தை பிறப்பால் சீனப்பெண். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் லயங்களில் இப்படிப் பிள்ளைகள் வளர்ந்தது நீங்கள் பார்த்ததுதான். பக்கத்தில் ஈயம் தோண்டும் ஈயலம்பத்தில் ஒரு சீனர் வீட்டில் பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தது. ஒன்றை அப்பாவின் அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். அத்தை பாவாடை கட்டினாள், பால் வெட்டினாள், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தாள், சண்டை வந்தால் தோட்டத்துத் தமிழில் எதிராளியின் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். சீனத்தில் ஒரு வார்த்தை தெரியாது. காரம் என்றால் உயிர். மிளகாயும் இறாலும் இடித்த பிளாச்சான் சம்பாலை வெறும் விரலால் வழித்து நக்குவாள். பார்க்கிற எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும்.

அவள் வைக்கும் நண்டுக் குழம்புக்கு ஈப்போவில் ஈடு இல்லை. இதை நான் சொல்லவில்லை, அப்பா சொன்னது. அவள் நண்டை உடைக்கும் சத்தம் கேட்டாலே அப்பா சட்டையைக் கழற்றிவிடுவார். சட்டையோடு நண்டு சாப்பிடுவது மரியாதை இல்லையாம்.

இருபத்தேழு வயதாகியும் அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. சீனப்பிள்ளை என்பதால் யாரும் வரவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். உண்மை வேறு. வந்தார்கள். நிறையவே வந்தார்கள், அவள் நிறத்தைப் பார்த்து. வந்தவர்களை விரட்டியது அப்பாதான்.

எங்கள் வீட்டில் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரியும் பஜ்ஜியும் கிடையாது. வாழையிலை போட்டு முழுச் சாப்பாடு. "பஜ்ஜி திங்கிறதுல என்னாலா தெரியும்? நாய்கூட பஜ்ஜி திங்கும். சோத்துல ஒக்காரட்டும், ஆளு யாருன்னு தெரிஞ்சுரும்" என்பார் அப்பா. சோற்றை எப்படிப் பிசைகிறான், குழம்புக்குப் பிறகு மோருக்கு எப்போது போகிறான், கடைசியில் இலையை எந்தப் பக்கம் மடிக்கிறான் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் தீர்ப்பு இருந்தது. மடிப்பு விஷயம் உங்களுக்குத் தெரியும். நம் பக்கமாக மடித்தால் திருப்தி, உறவு தொடரட்டும் என்று அர்த்தம். எதிர்ப்பக்கமாகத் தள்ளி மடித்தால் அது இழவு வீட்டு மடிப்பு. இந்த வீட்டோடு இனி ஒட்டில்லை என்று அர்த்தம். தண்ணீர் செம்போடு நின்று வேடிக்கை பார்ப்பது என் உத்தியோகம்.

முதலில் வந்தவர் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. வெள்ளைச் சட்டை, பையில் பேனா. குழம்பிலிருந்து கறிவேப்பிலை, கடுகு, மிளகாய் என ஒவ்வொன்றாகப் பொறுக்கி இலை ஓரத்தில் அடுக்கினார். சாப்பிட்டு முடித்தபோது அங்கே ஒரு சின்னத் தோட்டமே இருந்தது. அவர் போனதும் அப்பா சொன்னார்: "இன்னைக்கு கறிவேப்பிலைய பொறுக்குறவன், நாளைக்கு பொண்டாட்டிகிட்ட குத்தம் பொறுக்குவான். வேணாம்." இன்னொருவர் கரண்டி கேட்டார். அவரைப் பற்றி அப்பா பேசக்கூட விரும்பவில்லை.

பிறகு ஒருவர் வந்தார் பாருங்கள், தஞ்சோங் ரம்புத்தான் பக்கம். சோற்றில் குளம் கட்டிக் குழம்பை ஊற்றி, ஒரு சொட்டு ஒழுகாமல் அள்ளினார். மீன் முள்ளை வாய்க்குள்ளேயே பிரித்தெடுத்தார். இலையைத் தம் பக்கமாக அழகாக மடித்தார். அப்பாவின் முகம் பூரித்துப்போனது. அம்மா சாமி மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார். கிளம்பும்போது அந்த மாப்பிள்ளையின் தாயார் அத்தையின் கன்னத்தைக் கிள்ளி, "முட்டையாட்டம் இருக்கா. பொறக்கறதும் வெள்ளையா பொறக்கும்லா. நாலு பேரு கேட்டா சீனப்புள்ளன்னு சொல்லிக்க வேணாம், அவ்வளவுதான்" என்றார்.

அன்று இரவே அப்பா வேண்டாம் என்றுவிட்டார். காரணம்? "அப்பளத்த நொறுக்காம முழுசா வாயில போட்டான். மொரடன்."

எனக்கு அப்போது அது சரியான காரணமாகவே பட்டது. பல நாள் அப்பளத்தை நொறுக்கி நொறுக்கித் தின்றேன். அம்மாதான் தட்டுமுட்டுச் சாமான்களைப் போட்டு உருட்டினார். "ஒங்க நாக்குக்காக அந்தப் பொண்ண வீட்டுலயே வச்சிருக்கீங்க. நண்டு ஆக்க ஆளில்லன்னு பயம்!" அத்தை குனிந்து பாத்திரம் கழுவினாள். அவளும் அம்மா சொன்னதைத்தான் நம்பினாள் என்று நினைக்கிறேன்.

டுரியான் பழம் விழும் பருவம் வந்தது. சிலிபின் தெருவெல்லாம் மூக்கைத் துளைக்கும் அந்த வாசம். ஒரு சனிக்கிழமை அத்தையோடு பாசாருக்குப் போனேன். மீன்கடை முதலாளியான சீனத் தவுக்கே அத்தையைப் பார்த்ததும் சீனத்தில் மளமளவென்று பேசத் தொடங்கினார். அத்தை தமிழில், "நண்டு உசுரோட இருக்கா, செத்ததான்னு கேட்டா இவரு என்னாலா கதை சொல்றாரு?" என்றாள். தவுக்கேவுக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னும் சத்தமாகச் சீனத்தில் கத்தினார். அத்தை இன்னும் சத்தமாகத் தமிழில் கத்தினாள். பாசாரே திரும்பிப் பார்த்தது.

பின்னாலிருந்து ஒரு குரல் சீனத்தில் பதில் சொன்னது. திரும்பினால், நல்ல கறுப்பாக, கையெல்லாம் கிரீஸ் கறையோடு, நம்ம ஆள் ஒருவர். தவுக்கேயும் அவரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள்.

"என்னாவாம் அவருக்கு?" என்றாள் அத்தை.

"ஒண்ணுமில்ல. சீனப்பொண்ணா இருந்துகிட்டு சீனம் பேச வெக்கப்படுறீங்களாம். ஒங்க அம்மாகிட்ட சொல்லப் போறாராம்."

"எங்கம்மா செத்து எட்டு வருஷம் ஆச்சு. போயி சொல்லச் சொல்லுங்க. நண்டு உசுரோட இருக்கா, கேளுங்க."

அவர் கேட்கவில்லை. குனிந்து நண்டுகளைத் தாமே கிளறி, கால் உதைத்த நண்டுகளாகப் பொறுக்கிக் கொடுத்தார். அத்தை ஒவ்வொன்றையும் திருப்பி வயிற்றை அழுத்திப் பார்த்தாள். ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் சும்மா சும்மா சிரித்தாள். என்னவென்று கேட்டதற்கு, "டுரியான் வாசம்டி" என்றாள். அந்த வாசத்துக்கு யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவர் மோட்டார் பட்டறை வைத்திருந்தவர். தாய் சின்ன வயதிலேயே போய், தகப்பனோடு ஈயலம்பத்துக் கூலிகளின் கொட்டகையில் சீனர்களுக்கு நடுவே வளர்ந்தவர். அங்கே சாப்பாடெல்லாம் சேவல் படம் போட்ட மங்குக் கிண்ணங்களில், இரண்டு குச்சிகளால். இதெல்லாம் அவருக்காகப் பெண் கேட்டு வந்த நானா சொல்லித்தான் தெரியும். தினமும் நானா கடையில் மங்கில் சோறு வாங்கிச் சாப்பிடுகிறவர், சொந்தமென்று யாரும் இல்லாததால் நானாவையே பிடித்துக்கொண்டார்.

"பையன் தங்கம்ணே. ஒரே ஒரு கொறை, இலையில சாப்பிட்டுப் பழக்கமில்ல" என்று நானா சொல்லியிருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். நானா அதைச் சொல்லவில்லை. அப்பாவின் பரீட்சை ஊருக்கே தெரிந்ததுதானே? ரகசியமாகப் பையனைப் பாஸ் செய்யவைப்பது என்று முடிவு செய்துவிட்டார்.

அவர் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கோழி இல்லை. ஹலாலாக அறுக்காத கறியை நானா சாப்பிடமாட்டார் என்பதால் நண்டும் மீனும் மட்டும். அத்தை விடியலிலேயே எழுந்து தேங்காய் துருவினாள். அன்றைக்கு அவள் வைத்த நண்டுக் குழம்பு மாதிரி முன்னும் பின்னும் நான் சாப்பிட்டதில்லை. பெருஞ்சீரகமும் மிளகும் வறுத்த வாசத்துக்கு அடுத்த வீட்டுக்காரர் எதற்கும் சும்மா வந்து நேரம் கேட்டுவிட்டுப் போனார்.

கூடத்தில் பாய் விரித்து மூன்று இலை போட்டோம். நடுவில் பட்டறைக்காரர், இந்தப் பக்கம் நானா, அந்தப் பக்கம் அப்பா. சட்டை கழற்றியாகிவிட்டது. அத்தை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது.

பட்டறைக்காரர் சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. நண்டைக் கையில் எடுத்து, பார்த்து, மறுபடி இலையிலேயே வைத்துவிட்டார். அப்பா மெல்லுவதை நிறுத்தினார்.

"என்னா தம்பி, நண்டு புடிக்காதா?"

"புடிக்கும்ணே."

"சாப்பிடு அப்ப."

"சாப்பிடுறேண்ணே." ஆனால் சாப்பிடவில்லை. சோறு பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. நானாவை ஒரு தடவை பார்த்தார். நானா தலையாட்டினார். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல ஒரே நேரத்தில் குனிந்து, தங்கள் பக்கத்து இலைப் பாதியைத் தூக்கி, எதிர்ப்பக்கமாகத் தள்ளி, அழுத்தி மடித்தார்கள். நானா அதோடு நிற்காமல், எப்படி என்பது போல அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

இழவு வீட்டு மடிப்பு. ஒன்றல்ல, இரண்டு.

அம்மா "ஐயோ" என்றார். அப்பா கை காய உட்கார்ந்திருந்தார். பிறகு, "கை கழுவிக்குங்க நானா. பேச ஒண்ணும் இல்ல" என்றார்.

நானாவுக்கு விளங்கவில்லை. "ஏண்ணே? இலைய மடிச்சுட்டோம்ல?"

"யாரு வீட்டு எழவுக்கு மடிச்சீங்க?"

அப்புறந்தான் எல்லாம் வெளியே வந்தது. அன்று காலை பதினோரு மணிக்குக் கடையில் வைத்து நானா பையனுக்கு ஒத்திகை பார்த்திருக்கிறார். இலை போட்டு, சோறு போட்டு, ஆட்டுக்கறி, நண்டு, மீன் தலை எல்லாம் வைத்து, பிசையக் கற்றுக்கொடுத்து, சரியாக வரவில்லை என்று மறுபடி சோறு போட்டு, மறுபடி சரியாக வரவில்லை என்று மறுபடி போட்டிருக்கிறார். பையனின் வயிற்றில் இடமே இல்லை. மடிப்பையும் நானாதான் சொல்லிக்கொடுத்தார். அவர் ஆயுளில் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் இல்லை. எதிரே நின்று பரிமாறியே பழக்கம். வாடிக்கைக்காரர் இலையைத் தன் பக்கம் மடிக்கும்போது, எதிரே நிற்கிறவர் கண்ணுக்கு என்ன தெரியும்? தன் பக்கத்துப் பாதி எழுந்து தன்னைவிட்டு அந்தப் பக்கம் போவதுதான் தெரியும். அதை அப்படியே உட்கார்ந்த இடத்திலிருந்து செய்துவிட்டார்.

"இத்தன வருஷமா பாக்குறேன்ணே, எல்லாரும் இப்படித்தான் மடிக்கிறாங்க!" என்று காற்றில் கையை வீசி வீசிக் காட்டினார் நானா. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா என் தொடையில் கிள்ளினார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "கத்துக் குடுத்து திங்கிறதெல்லாம் ஒரு தீனியா? எனக்கு ஆளத் தெரியணும். இத வச்சு நான் எப்படி தெரிஞ்சுக்கறது?"

"போதும் நிறுத்துங்க!" அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒருத்தன் பொறுக்குறான், ஒருத்தன் கரண்டி கேக்குறான், ஒருத்தன் மடிக்கத் தெரியாதவன். ஒங்களுக்கு நண்டு ஆக்க ஆளு வேணும், அதச் சொல்லுங்க!"

அப்பா அம்மாவை ஏறிட்டுப் பார்த்தார். அவர் குரல் அப்படி இறங்கி நான் அதுவரை கேட்டதில்லை.

"நண்டா? என் தங்கச்சி வந்தப்ப கைப்புள்ள. நாந்தான் தூக்கிட்டு வந்தேன், ஈயலம்பத்துலேருந்து தோட்டத்து வரைக்கும். கத்துது. நிறுத்தவே இல்ல. கித்தா மரத்தடியில ஒக்காந்து பால் டின்ன ஒடச்சு வெரல்ல தொட்டு தொட்டு வச்சேன். அப்பதான் நிறுத்துச்சு. எனக்குப் பன்னெண்டு வயசு. ஒரு வீட்டுல சோறில்லன்னு ஒரு தடவ அதக் குடுத்துட்டாங்க. இன்னொரு வீட்டுக்கு நான் குடுக்கணும்னா, அங்க அதுக்கு எவன் சோறு போடுவான்னு பாக்க வேணாமா? வேற எதப் பாத்து நான் தெரிஞ்சுக்கறது? எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இத்தனை வருடம் அவரைத் தப்பாகவே எடைபோட்டிருந்தோம், அவரும் ஒரு தடவைகூட வாயைத் திறந்து சொன்னதில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவர் மேல் கோபமாகத்தான் வருகிறது.

அத்தை கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது, கையில் இன்னும் மஞ்சள். யாரையும் பார்க்கவில்லை. நேரே வந்து, எழுந்து நின்றுகொண்டிருந்த பட்டறைக்காரரின் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவர் மடித்த இலையைப் பிரித்தாள். அவர் மிச்சம் வைத்த நண்டைக் கடித்து உடைத்தாள்.

புருஷன் சாப்பிட்ட இலையில் பெண்டாட்டி சாப்பிடுவது நம்மில் வழக்கந்தான். ஆனால் அதற்கு முதலில் ஒரு புருஷன் வேண்டும்.

"அடிப்பாவி! இன்னும் தாலியே கட்டலடி!" என்றார் அம்மா.

"பசிக்குது அண்ணி. காலையிலேருந்து அடுப்புல கெடக்குறேன். பசியாறுனியான்னு ஒருத்தர் கேட்டீங்களா?" என்றாள் அத்தை, வாயில் நண்டோடு.

நானா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். அப்பா எழப்போனார், எழவில்லை. அப்போது பட்டறைக்காரர் ஒரு காரியம் செய்தார். யாரிடமும் கேட்கவில்லை. ஓரமாக இருந்த சோற்றுப் பானையை இழுத்து வைத்துக்கொண்டு அவள் எதிரே குந்தினார். அகப்பையால் சோற்றை அள்ளி இலையில் வைத்தார். அவர் வளர்ந்த கொட்டகையில் முதலில் தின்று முடித்தவன் பிந்தி வந்தவனுக்குப் பரிமாறுவது பழக்கமாம். எங்களுக்கு அது தெரியாது. பெண் பார்க்க வந்த ஆண்பிள்ளை பெண்ணுக்குச் சோறு போட்டு எங்கள் பக்கம் எவரும் கண்டதில்லை. அவள் போதும் என்று கை காட்டவில்லை, அவர் நிறுத்தவில்லை. குழம்பை ஊற்றினார். நண்டுச் சட்டியைத் துழாவி, சதை இருக்கும் பெரிய கொடுக்காக எடுத்து வைத்தார். அவள் சாப்பிடச் சாப்பிட, இலையில் எது தீர்கிறது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா அவர் கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த பாத்திரத்தை அவர் பக்கமாக நகர்த்தினார்.

"ரசம் ஊத்துப்பா" என்றார். "அவ கடைசியா ரசம் ஊத்தாம எந்திரிக்க மாட்டா. ஞாபகம் வச்சுக்க."